காது மந்தத்தை மறைத்தவரும் மறைக்காதவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் பழைய மாணவன் ஒருவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். மேளச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. "ரொம்ப சந்தோஷம்பா" என்று சிரித்தேன். அவன் முகம் மாறிவிட்டது. பேசாமல் நகர்ந்துவிட்டான். "அப்பா தவறிட்டார் டீச்சர்" என்று அவன் சொன்னதை, வீடு திரும்பும்போது மருமகள்தான் எனக்குச் சொன்னாள்.

பத்து வருடத்துக்கு மேலாக எனக்குக் காது மந்தம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை மேசைக்குப் பக்கத்தில் வரச் சொல்லிப் பதில் கேட்பேனே, நினைவிருக்கிறதா? உங்கள் கூச்சத்தைப் போக்க என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படி மறைத்தவர்களில் உலகப் புகழ்பெற்ற ஒருவர் உண்டு. இசைமேதை பீத்தோவன். 1802 அக்டோபரில், வியன்னாவுக்கு அருகில் ஹைலிகென்ஷ்டாட் என்ற கிராமத்தில் தங்கியிருந்தபோது தம்பிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வயது 31. தன்னை எல்லோரும் சிடுமூஞ்சி, மனிதர்களை வெறுப்பவன் என்கிறார்கள், உண்மைக் காரணம் அவர்களுக்குத் தெரியாது என்று அதில் புலம்புகிறார். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது என்று எப்படிச் சொல்வது? இசைக்காரனுக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்க வேண்டிய புலன் அல்லவா அது? பக்கத்தில் நிற்பவருக்குத் தூரத்துப் புல்லாங்குழல் கேட்க, தனக்குக் கேட்காமல் போன அவமானத்தையும் எழுதுகிறார். உயிரை விடும் எண்ணம் வந்ததாகவும் கலைதான் தடுத்ததாகவும் சொல்கிறார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. 1827இல் அவர் இறந்த பிறகுதான் காகிதங்களுக்கிடையே கிடைத்தது.

அதே 1802இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தவர் ஹாரியட் மார்ட்டினோ. சமூகவியலின் முன்னோடிகளில் ஒருவர். சிறுமியாக இருந்தபோதே காது மங்கத் தொடங்கியது. 1834இல் தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி அச்சிலேயே வெளியிட்டார். குறையை ஒளிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கேற்பப் பழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு கப்பலேறி அமெரிக்கா போய் இரண்டு வருடம் சுற்றினார். கையில் ஒரு கேட்புக்குழல். சபையில் பலர் பேசுவது கேட்காவிட்டாலும், குழலின் வாயருகே வந்து தனியாகப் பேசுகிறவர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள் என்று 1837இல் வந்த தன் அமெரிக்க நூலில் எழுதினார். என்ன தைரியம் பாருங்கள்!

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. என்ன சொன்னீர்கள் என்று யாரையும் திருப்பிக் கேட்பதில்லை என்பதும் அவருடைய விதி. பிறருக்குத் தொல்லை தரக் கூடாதாம். கேட்காமல் சிரித்ததால் நான் செய்த காரியத்தைத்தான் மேலே படித்தீர்களே.

பரிசோதனைச் சீட்டில் எத்தனை டெசிபல் குறைவு என்று இருக்கிறது. கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று அதில் இல்லை. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்களும் கருவியோடு நிறுத்தாமல், காது மந்தமானவர்களை உட்காரவைத்து அவர்கள் அனுபவத்தைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறார்கள். பீத்தோவன் அனுப்பாத கடிதமும் மார்ட்டினோ அச்சிட்ட கடிதமும் அதே வகைச் சாட்சியம்தான்.

போன வாரம் காதுக் கருவி வாங்கிவிட்டேன். பாத்திரம் உருளும் சத்தம்தான் முதலில் பெரிதாகக் கேட்கிறது. இனி என்னிடம் பேசும்போது வலப்பக்கமாக வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம். நான் திருப்பிக் கேட்பேன், கோபப்படாதீர்கள்.

கல்யாண வீட்டில் என்னைப் பார்த்த தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுதிப் போடு. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கிறேன்.