மணலெழுத்து கடல் தாண்டிய கதை

பாலக்காடு மாவட்டம் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில், துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அந்த மலையாள மகாகவி தம் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. விஜயதசமி வந்தால் இங்கும், மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிஞ்சு விரல்களைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். அரிசி அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான். அந்தக் காலத்து நம் திண்ணைப் பள்ளியிலும் மலையாளத்து எழுத்துப்பள்ளியிலும் மறுநாள் முதல் தரையில் மணலைப் பரப்பிவிடுவார்கள். ஆள்காட்டி விரலால் எழுதி, எழுதியதை உரக்கச் சொல்லி, அழித்து மறுபடி எழுத வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான்.

இந்த மணல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1623இல் ரோமிலிருந்து வந்த பியெத்ரோ தெல்லா வாலே என்ற பயணி, கர்நாடகத்து இக்கேரிக்குப் போகும் வழியில், ஒரு கோயில் முகப்பில் சில சிறுவர்கள் மணலில் கணக்கு எழுதிப் பாட்டாகப் பாடிப் படிப்பதைப் பார்த்தார். வியந்துபோய்த் தம் கடிதத்தில் விரிவாக எழுதினார். ஆனால் மணலைக் கப்பலேற்றியவர் அவரல்ல. அதற்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வரவேண்டியிருந்தது.

அவர் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். 1787இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை நடத்தினார். ஒரு காலை குதிரையில் போகையில், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். செலவில்லாத வழி! பள்ளிக்குத் திரும்பியதும் தம் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதும் நம் திண்ணைப் பள்ளிக்குப் பழக்கமானதுதான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலால் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது.

உடனே ஒரு போட்டியாளர் கிளம்பினார். 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், பெல்லிடமிருந்து மணலை எடுத்துக்கொண்டு, அதற்கென்றே விளிம்பு வைத்த மேசைகளைச் செய்தார். முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று இருவரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். பெல் பின்னால் ஆங்கிலத் திருச்சபை நின்றது. லங்காஸ்டர் பின்னால் மற்ற சபையினர். திண்ணைப் பள்ளி ஆசானான அண்ணாவியை யாரும் கேட்கவில்லை. சண்டை நடக்க நடக்க முறை பரவியது. 1824இல் லங்காஸ்டர் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் ஆதரவோடு வெனிசுவேலாவின் கராகஸுக்கே போய்விட்டார். பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

ஆனால் போகும் வழியில் ஒன்று தொலைந்தது. லண்டனில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கட்டளைக்குக் கட்டளை எழுதவைத்தார்கள். மணல் போய்ச் சேர்ந்தது. விரலைப் பிடித்து எழுதவைக்கும் ஆசானின் கை போய்ச் சேரவில்லை.

அந்தக் கையைத் தேடியவர்கள் வேறு இடங்களிலிருந்து வந்தார்கள். ஜெர்மனியில் ஃப்ரோபல் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கினார். 1851இல் பிரஷ்ய அரசு அவருடைய பள்ளிகளைத் தடைசெய்தது. அவர் உறவினர் ஒருவரின் எழுத்தை ஃப்ரோபலுடையதென்று குழப்பிக்கொண்டதும் அதற்குக் காரணம். வேலையிழந்த ஆசிரியைகள் பிறநாடுகளுக்குப் போனதால் கிண்டர்கார்டன் என்ற அந்தப் பள்ளி உலகமெங்கும் முளைத்தது.

1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். எழுத்துச் சொல்லித்தாருங்கள் என்று தாய்மார் கேட்டார்கள். முன்பு வேறொரு பள்ளியில் செய்துவைத்திருந்ததுபோல மர எழுத்துகளைச் செய்துதர இப்போது ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் உப்புத்தாளை எழுத்துகளாக வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் விரலால் தடவித் தடவி எழுத்தைக் கற்றார்கள். இட்டார், செகுவின் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களே அவருக்கு வழிகாட்டின; நம் மணலை அவர் நினைக்கவில்லை. ஆனாலும் விரலுக்கடியில் அதே சொரசொரப்பு! சில ஆண்டுகளில் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் அந்தக் கருவிகளைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியர் அழைப்பில் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குக் கூடினார்கள். சில மாதங்களில் திரும்புவதாக ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, அவர் பகைநாட்டவராகிவிட்டார். மகன் மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். ஆகஸ்டில், மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாள் பரிசாக, வைஸ்ராய் மகனை விடுவித்தார். 1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானலில் வாழ்ந்தார்கள். மலையையும் செடியையும் பூச்சியையும் பிள்ளைகளோடு பார்த்துப் பார்த்து, உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தது என்று கற்பிக்கும் பாடமுறையை அங்கேதான் வளர்த்தார்கள். உடனிருந்து உழைத்தவர் இலங்கையின் லீனா விக்ரமரத்ன. பிற்காலத்தில் அவர் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்.

கொடைக்கானல் மலையின் மேற்குச் சரிவில் இறங்கினால் இடுக்கியின் வட்டவடை, அப்பால் மூணாறு. அங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மாண்டிசோரி எட்டவில்லை. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம்தான் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. காப்பகத்தில் பாலும் தொட்டிலும் கிடைத்தால் போதும் என்று நெடுநாள் நினைத்துவிட்டோம்.

பாடத்தை ஏழை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் தாராபாய் மோடக். அனுதாய் வாக் துணையோடு 1945இல் மகாராஷ்டிரத்துப் போர்டியில் விலையுயர்ந்த கருவிகளை ஒதுக்கி, கூழாங்கல், கிளிஞ்சல், இலை என்று கிடைத்ததைக் கொண்டே கற்பித்தார். வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் முற்றத்துக்கே போனார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் அரசு அங்கன்வாடிகளைத் திறந்தபோது அந்த முற்றப் பள்ளி நாட்டுக்கே உரியதாயிற்று.

இன்று கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் அங்கன்வாடி டீச்சருக்கு முன்னால் தமிழ் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேரளம் ‘அங்கணப்பூமழ’ என்ற பயிற்சி நூலை வைத்திருக்கிறது. வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இப்பால் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் இருக்கிறது. லண்டனுக்கும் கராகஸுக்கும் போன கல்வி, மாநில எல்லையான போடிமெட்டைத் தாண்டத் தயங்க வேண்டியதில்லை. இரு மாநில அரசுகளும் சித்தூர், பொள்ளாச்சி, போடி, உடும்பன்சோலை டீச்சர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே கூடத்தில் உட்காரவைத்து, புத்தகங்களையும் பாட்டுகளையும் கைமாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும்.