திருச்செங்கோட்டு ரிக் போன தூரம்

உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை 2023 நவம்பர் 12 அன்று இடிந்து, 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். முதல் எட்டு நாளும் நான்கு அங்குலக் குழாய் ஒன்றின் வழியாகக் காற்றும் பொரியும் உலர்பழமும்தான் போயின. நவம்பர் 20 அன்று ஆறு அங்குலக் குழாய் இடிபாட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அதன் வழியாகத்தான் சூடான கிச்சடி போனது. கேமராவும் அதில்தான் போனது. உள்ளே இருந்தவர்களின் முகத்தை அவர்கள் வீட்டார் மறுநாள் பார்த்தார்கள். அந்தத் துளை போட்ட வேலையில் திருச்செங்கோட்டு எந்திரமும் ஆட்களும் இருந்தது தெரியவந்ததும், ஊரில் பலருக்கு நெஞ்சு நிறைந்தது.

போர்வெல் போடும் ரிக் வண்டியைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் டீக்கடையில் பேச்செடுத்தாலும் வாட்ஸ்அப்பில் எடுத்தாலும் இரண்டே கட்சிதான். நாடு முழுக்கத் தண்ணீர் காட்டிய ஊர் என்பது ஒன்று. நாடு முழுக்க நிலத்தடி நீரை உறிஞ்சிய ஊர் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை. ஆனால் அந்த வாதத்தில் யாரும் தொடாத ஒன்று உண்டு. அதைச் சொல்ல, இந்த எந்திரம் நடந்துவந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதன் உயிர்நாடி ஹேமர். 1950களில் ஐரோப்பியக் கல்குவாரிகளிலும் சுரங்கங்களிலும் புழக்கத்துக்கு வந்தது. மேலேயிருந்து அடித்தால் ஆழம் போகப்போக அடியின் வலு கம்பிகளிலேயே கரைந்துபோகும். இதில் அடிக்கிற சம்மட்டியே துளைக்குள் இறங்கிவிடுகிறது. கம்பரஸர் அனுப்பும் காற்று குழாய் வழியே போய் ஹேமருக்குள் உள்ள பிஸ்டனை ஓட்டும், பிஸ்டன் பிட்டை அடிக்கும். பிட்டின் முகத்தில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பாறையைப் பொடியாக்கும். அதே காற்று அந்தப் பொடியையும் மேலே தூக்கி வந்து வெளியே கொட்டிவிடும். ஆழம் போனாலும் அடியின் பலம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்தியாவில் அது பெயர் வாங்கியது பஞ்சத்தில். 1966-67இல் பீகார் வறண்டபோது, கெட்டிப்பாறையைத் துளைக்கும் இந்த ரகத்து ரிக்குகளை யுனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளில் முடிந்தது. குடிதண்ணீருக்காக வந்த எந்திரம் அது. அதன் துணையாகத்தான் அடுத்த பத்தாண்டில் இந்தியா மார்க் டூ கைப்பம்பு உருவானது. அதைச் சோதித்துப் பார்த்தது கோயம்புத்தூர் கிராமங்களில், முதலில் பெருமளவில் தயாரித்தது சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ். இன்றும் நம் பக்கத்துத் தெருமுனையில் நிற்கும் அந்த இரும்புப் பம்புக்குக் கீழே இருப்பது ஹேமர் போட்ட துளைதான்.

பிறகு அது ஏன் திருச்செங்கோட்டில் வந்து குடியேறியது? மலைமேல் அர்த்தநாரீசுவரர் நிற்கும் பாறையே பாதி பதில். இந்தச் சமவெளி முழுக்க மேலே மெல்லிய மண், கீழே கெட்டிப்பாறை. மணல்பூமியைப் போல ஊற்று எங்கும் கிடைக்காது. பாறையின் விரிசலில் நிற்கும் தண்ணீர்தான் நமக்கு. அதற்காகத் தலைமுறைகள் வெடி வைத்துக் கிணறு வெட்டின. தண்ணீர் இறங்கினால் கிணற்றை இன்னும் ஆழமாக்கின, அதற்கும் இறங்கினால் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டன. பாறையோடு மல்லுக்கட்டியே பழகிய சனம். மீதிப் பதில் லாரி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வாங்குவதும் பாடி கட்டுவதும் பழுது பார்ப்பதும் பல மாநிலம் ஓட்டுவதும் ஊரறிந்த தொழில். ரிக் என்பது லாரி மேல் ஏறிய ஹேமர். பங்காளிகளும் மாமன் மச்சானும் கூட்டுச் சேர்ந்து ஒரு வண்டி எடுத்தார்கள். வண்டியில் வேலை பார்த்தவர் சில வருடத்தில் அடுத்த வண்டியில் பங்கு வாங்கினார். இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் டிஎன் 34 எண்பலகை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் வழக்கமான காட்சியாகிவிட்டது. ஒரு ரிக் வண்டி, குழாய் ஏற்றிய இன்னொரு வண்டி, அதில் சமையல் பாத்திரமும் படுக்கையும். ரிக்கையே உள்ளூரில் கட்டும் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கிருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு எந்திரம் கப்பலேறுகிறது.

அந்த வண்டியில் இன்று குழாய் தூக்குபவர் பெரும்பாலும் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர். கம்பரஸர் சத்தத்தில் காதும் பாறைத்தூளில் நுரையீரலும் போகிற வேலை. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறார்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. நல்ல முகக்கவசம் பிட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதை வாங்கிக் கொடுக்காத முதலாளியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹேமர் வலுவானது, கம்பரஸரின் அழுத்தம் ஏறியது, கோவையின் சப்மெர்சிபிள் மோட்டார் ஆழத்துக்கு இறங்கியது. இருநூறு அடியில் நின்ற போர் ஆயிரம் அடி தாண்டியது. இதில் மின்சாரத்தின் கதையும் சேரும். கொங்கு விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்தபோது, 1970இல் பெருமாநல்லூரிலும் 1972இல் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவையை நிறைத்தன. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. உயிர் கொடுத்து வாங்கிய உரிமை அது. அதைப் பிடுங்கினால் நிலத்தடி நீர் மிஞ்சும் என்று நகரத்திலிருந்து எழுதுபவர்கள், கடன் வாங்கி மூன்று போர் போட்டு மூன்றிலும் பாறைத்தூள் புகை மட்டுமே வந்த குடியானவனைப் பார்த்ததில்லை. அடிக்கு இவ்வளவு என்று கூலி, ஆழம் கூடக்கூட அடிக்கூலியும் கூடும். தண்ணீர் வராவிட்டாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் கணக்கு கண்முன்னே இருக்கிறது. 2020 நிலத்தடி நீர் மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1166 குறுவட்டங்களில் 435 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை.

சட்டம் என்ன செய்தது? நம் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே லங்காஷயரில் ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு, பக்கத்தில் நிலக்கரிக் குழி வெட்டியதால் வற்றியது. 1843இல் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு இல்லை என்றது. பூமிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றில் உரிமையை எப்படிப் பிரிப்பது என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான தர்க்கம். தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுக்கும் உரிமை நிலக்காரருக்கே என்ற அதே எண்ணம்தான் 1882இன் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் புகுந்தது. இங்கிலாந்து அதைக் கடந்துவிட்டது. 1945 சட்டத்திலேயே, ஆழமான கிணறு தோண்டுபவர் ஊடுருவிய அடுக்குகளின் விவரத்தை நிலவியல் துறைக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1963இல் தண்ணீர் எடுக்கவே உரிமம் வந்தது. நாம் அவர்களின் அறியாமையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம். சென்னைக்கு 1987இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003இல் நிறைவேற்றிய நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013இல் திரும்பப் பெற்றார்கள்.

விதிகள் வேறொரு கதவு வழியாக, குழந்தைகள் விழுந்த பிறகு, வந்தன. கைவிடப்பட்ட போர்களில் அடுத்தடுத்துக் குழந்தைகள் விழுந்ததைக் கண்டு உச்ச நீதிமன்றம் 2010இல் நெறிமுறைகள் வகுத்தது. போர் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால் தகவல் தர வேண்டும், ரிக் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும், வாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்ட வேண்டும், குழாய்க்கு மூடி போட வேண்டும், கைவிட்ட துளையை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கான விதிகள் 2015இல் வந்தன. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது அந்த விதிகள் எல்லாம் இருந்தன. பக்கத்தில் மீட்புக் குழி தோண்ட முயன்ற பெரிய எந்திரங்களைப் பாறை தடுத்தது. அக்டோபர் 29 அதிகாலையில் குழந்தையின் உடல்தான் மேலே வந்தது. அந்த மண்ணுக்கடியில் எத்தனை அடியில் எவ்வளவு கெட்டியான பாறை என்பது தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது. அந்தத் துளையைப் போட்ட ரிக்காரருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். எழுதி வைக்கச் சொன்னவர் யாரும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். போர் போடும்போது டிரில்லர் பார்ப்பவை என்னென்ன? கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்பதில் மண் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடுகிறது. எந்த அடியில் தூள் நிறம் மாறியது, கறுப்புப் பாறை எங்கே தொடங்கியது, எங்கே கேப், அதாவது பாறை விரிசல், விழுந்து ஹேமர் சட்டென்று இறங்கியது, எந்த ஆழத்தில் புகை நின்று ஈரம் வந்தது, கடைசியில் எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று எல்லாம் அவர் கண்முன்னே நடக்கிறது. தேர்ந்த டிரில்லர் ஹேமரின் சத்தத்தை வைத்தே பாறையைச் சொல்லிவிடுவார். 2017-18 சிறுபாசனக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலத்தடி நீர் எடுக்கும் அமைப்புகள் 2 கோடியே 19 லட்சம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நீர்த்தாங்கு பாறைகளை வரைபடமாக்குகிறது. நல்ல வேலை. ஆனால் அரசு தன் செலவில் போடும் ஆய்வுத் துளைகள், விவசாயி தன் கடனில் போட்ட துளைகளுக்கு முன்னால் மிகக் கொஞ்சம். இந்தியாவின் பாறையை ஊர் ஊராகத் துளைத்துப் பார்த்தவர்கள் திருச்செங்கோட்டு ரிக்காரர்கள். அந்த அறிவு முழுவதும் அவர்கள் தலையில் இருக்கிறது, அவர்கள் ஓய்வு பெறும்போது அதுவும் போய்விடுகிறது.

இதனால் நடக்கும் நஷ்டம் விவசாயிக்குத்தான். பக்கத்துத் தோட்டத்தில் அறுநூறு அடிக்குக் கீழே ஒரு விரிசலும் இல்லை என்பது பதிவில் இருந்தால், இவர் ஆயிரம் அடிக்குப் பணம் கட்ட மாட்டார். நீரோட்டம் பார்க்கும் தேங்காயையும் குச்சியையும் நம்பி இடம் குறிக்க வேண்டியதில்லை. எந்தக் குறுவட்டத்தில் இன்னும் போர் போட இடம் இருக்கிறது, எங்கே நிறுத்தி மழைநீரை இறக்க வேண்டும் என்பதை ஊரே கூடிப் பேச ஒரு ஆதாரம் கிடைக்கும். 1843இன் நீதிபதிகள் சொன்ன 'தெரியாது' என்ற காரணமும் அற்றுப்போகும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. போர் முடிந்ததும் ரிக்காரர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார். மொத்த அடியும் கேசிங் அடியும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன, கூலிக் கணக்கே அதன் மேல்தான் நடக்கிறது. தூளின் நிறம், கேப் வந்த அடி, தண்ணீர் வந்த அடி, இஞ்ச் அளவு, போனில் எடுத்த இருப்பிடக் குறி என்று ஐந்து வரி சேர்த்து, ஒரு படியை ஊராட்சிக்கு அனுப்பச் சொன்னால் போதும். பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கேட்கும் அதே விதிக்குள் இதைச் சேர்க்கலாம். விவசாயியிடம் அபராதமோ கட்டணமோ கேட்கக் கூடாது, மின் இணைப்போடு இதை முடிச்சுப் போடக் கூடாது. அப்படிச் செய்தால் பயத்தில் பொய்க் கணக்குதான் வரும். சீட்டை ஒழுங்காகக் கொடுக்கும் ரிக்குக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது சலுகை கொடுக்கட்டும். சட்டசபை கூடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ரிக் உரிமையாளர்கள் இத்தனை பேர் ஒரே ஊரில் இருக்கும் இடம் இது. மழைக்காலத்தில் வண்டிகள் பழுது பார்க்க ஊர் திரும்பும்போது, சீட்டுப் புத்தகத்தை மாற்றி அச்சடிக்கும் வேலையைத் திருச்செங்கோட்டிலேயே தொடங்கலாம்.