உரை என்னும் பெயர்

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு 'உரை' என்றதும் நினைவுக்கு வருவது கோனார் உரைதான். திருச்சி ஐயம்பெருமாள் கோனார் எழுதியது பல தலைமுறையைத் தேர்வில் கரையேற்றியது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெயரின் பழைய அகலம் பெரிது.

உரை என்றால் சொல்லுதல். தேய்த்தல் என்றும் பொருள் உண்டு. பொன்னின் மாற்றுப் பார்ப்பது உரைகல். வேர் எதுவானாலும், நம் உரைமரபில் இரு வேலையும் சேர்ந்தே நடந்தன. இறையனார் அகப்பொருளுக்கு உரை கண்ட கதை அப்படித்தான். 60 சூத்திரம், சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கோர் உரை செய்தார்கள். எது மெய்யுரை? வாய்பேசாச் சிறுவன் உருத்திரசன்மன் முன் ஒவ்வொருவராக உரைத்தார்கள். நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். அவ்வுரை ஆசிரியர் மாணவர் வழியாக முசிறி நீலகண்டனார்வரை வந்ததாக அவ்வுரையே சொல்கிறது. தனியறையில் முடிந்த காரியமல்ல அது. அவையில் தேய்த்துப் பார்த்தது.

பவணந்தியின் நன்னூல் உரைக்கு 14 கூறு வகுக்கிறது. வினாவும் விடையும் அவற்றில் அடக்கம். கற்பது பற்றி அது போடும் கணக்கை இன்றைய பேராசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்: ஆசான் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன்பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் மீதி அரை. அந்நூலுக்குச் சங்கரநமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைப் பின்னாளில் சிவஞான முனிவர் திருத்தினார். இருவர் கையும் ஒரே உரையில் நிற்கின்றன.

இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் ஒரே பாடத்தின் ஓரத்தில் மாணவர்கள் கூடிக் குறிப்பெழுதுகிறார்கள், ஒருவர் குறிப்புக்கு மற்றவர் மறுமொழி இடுகிறார். ஹைப்போதெசிஸ் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே வந்தவை. 'கூட்டுக் குறிப்புரை' என்று புதுப்பெயர் தேடுகிறோம். உரை என்பதே போதும்.

நெய்வேலியில் இப்படிக் கூடி உரை எழுத வேண்டும். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் பல ஊர்க்காரர்கள் வட்டம் வட்டமாகக் குடியேறிய இடம் இது. மேல்மண்ணை அகற்றுவதும், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே வெட்டுவதும் பாடப்புத்தகத்தில் இரண்டு வரிதான். சுரங்கத்தில் ஷிப்டு பார்த்த அப்பாவுக்கும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பெரியம்மாவுக்கும் அந்த வரிகளின் ஓரத்தில் எழுத இடம் விடுங்கள். அவர்கள் எழுதியதை மாணவர்கள் உரைத்துப் பார்க்கட்டும். மறுக்கத் தோன்றினால் அங்கேயே, காரணத்தோடு மறுக்கட்டும்.