சனிக்கிழமை மாலையும் கண்டிக் கராம்பும்

கராம்பை நாம் பல்வலிக்குக் கடிப்போம், புரியாணிக்குப் போடுவோம். யூத வீடுகளில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: வாரத்துக்கு ஒருமுறை முகர்ந்து பார்ப்பது. சனிக்கிழமை இருட்டி, வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது என்று கணக்கு. வீட்டார் கூடிநின்று திராட்சை ரசம், வாசனைப் பொருள், பல திரிகளைப் பின்னிய மெழுகுவர்த்தி மூன்றுக்கும் ஆசி சொல்வார்கள். இதற்கு ஹவ்தாலா என்று பெயர். வாசனை டப்பி எல்லார் மூக்குக்கும் ஒரு சுற்று வரும். ஓய்வுநாளில் மனிதருக்குள் கூடுதலாக ஓர் ஆன்மா வந்து தங்குகிறதாம். அது விடைபெறும் சோர்வை இந்த வாசனை தேற்றுமாம். மதகுரு தேவையில்லை, ஆலயமும் தேவையில்லை.

சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவிலேயே இதுபற்றி வழக்கு இருக்கிறது. சாப்பாட்டுக்கான ஆசி முந்தியா, வாசனைக்கான ஆசி முந்தியா என்று ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு குருமாரின் சீடர்கள் வாதாடினார்கள். சண்டையெல்லாம் வரிசைக்குத்தான், இன்ன வாசனைதான் வேண்டும் என்று விதி இல்லை. சில ஊர்களில் பன்னீர், சில ஊர்களில் பச்சிலை, ஜெர்மனியில் மிருதுச்செடி. விதி விட்ட அந்த இடைவெளியில்தான் வியாபாரி நுழைந்தான்.

அன்று கராம்பு விளைந்ததோ இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். மேற்கே போன கடல்வழியில் நம் மாந்தைத் துறைமுகம் இருந்தது. திருக்கேதீச்சரத்துக்கு அருகே அந்த மண்ணைத் தோண்டியபோது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைய கராம்பு ஒன்று அகப்பட்டது. ஒன்றே ஒன்று! யார் மடியிலிருந்து விழுந்ததோ.

அந்த வழியில் யூதரும் இருந்தார்களா? 1154இல் சிசிலி அரசவையில் தன் புவியியல் நூலை முடித்த அல் இத்ரீசி, இலங்கை மன்னனின் பதினாறு ஆலோசகர்களில் நால்வர் யூதர் என்கிறார். அவர் இங்கே வந்தவரல்ல, கேட்டதை எழுதியவர். அந்தக் கணக்கை நான் அப்படியே வாங்கமாட்டேன். ஆனால் அதே நூற்றாண்டில் துனீசிய யூதரான ஆபிரகாம் பென் யிஜு மங்களூரில் கடை விரித்திருந்தது உறுதி. அவருடைய கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூத ஆலயத்து அறையொன்றில் கிடைத்திருக்கின்றன.

கராம்பு ஐரோப்பாவை எட்டியதும் அதற்குப் பெட்டி தேவைப்பட்டது. ஜெர்மன் நகரங்களில் யூதர் பொற்கொல்லர் சங்கத்தில் சேர முடியாது. எனவே யூத வீட்டு டப்பியைக் கிறிஸ்தவத் தட்டார்கள் செய்தார்கள். கைக்குப் பழகிய வடிவத்தையே அவர்கள் கொடுத்தார்கள்: உச்சியில் கொடியோடு ஒரு குட்டி வெள்ளிக் கோபுரம். ஊருக்கு ஊர் அதைப் பார்த்துச் செய்ய, கடைசியில் அதுவே மரபாகிவிட்டது. 16ஆம் நூற்றாண்டு பிராங்க்பர்ட் டப்பி ஒன்று இன்று நியூயோர்க் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிராங்க்பர்ட்டை மறந்துவிடாதீர்கள். அவ்வூர் வங்கிக்காரரான ரொத்சைல்ட் குடும்பத்துப் பெண்ணின் பிள்ளைகளான மொரிஸ், கேப்ரியல் டி வோம்ஸ் சகோதரர்கள் கண்டிக்குத் தெற்கே புசல்லாவையில் தோட்டம் போட்டார்கள். பெயர், ரொத்சைல்ட் தோட்டம். 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டும் பார்த்தார்கள். தேயிலையை இங்கே நிலைநாட்டிய ஜேம்ஸ் டெய்லருக்கு இருபத்தாறு ஆண்டு முந்தியே! செலவு கட்டவில்லை, கோப்பிதான் சோறு போட்டது. 1865இல் விற்றுவிட்டார்கள்.

கராம்பும் வீடு மாறியது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர், ஏகபோகத்துக்காக அம்போன் பக்கம் தவிர மற்றத் தீவுகளின் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். 1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆள் அனுப்பிக் கன்றுகளைக் கடத்தி மொரீசியசில் நட்டார். பிறகு சான்சிபார். இன்று இலங்கைக் கராம்பில் பெரும்பங்கு கண்டி, மாத்தளை, கேகாலை வீட்டுத்தோட்டங்களில் பலாவுக்கும் மிளகுக்கும் நடுவே விளைகிறது. மொட்டு விரியுமுன் மரமேறிப் பறிக்க வேண்டும். பூத்துவிட்டால் விலை போச்சு.

பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்து ஹனாவ் நகரில், 1901இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்து எபிரேயம் படித்த சீக்மண்ட் பெனிகர் 1936இல் இலங்கைக்கு வந்தார். துறவு பூண்டு ஞானபோனிக்க தேரர் ஆனார். 1952 முதல் கண்டி உடவத்தகலைக் காட்டில் வாழ்ந்தார். 1958இல் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நண்பர்களோடு தொடங்கினார். கராம்பு யூத வீட்டுக்குப் போயிருக்க, யூத வீட்டிலிருந்து கண்டிக்கு வந்தவர் பிரித் ஓதினார். அவருக்குப் பின் சங்கத்தின் தலைவரான பிக்கு போதி? புரூக்ளின் யூத வீட்டுப் பிள்ளை.