சோழவரம் முதல் திருவள்ளூர் வரை: ஒரு குதிரை என்ன விலை?

சோழவரம் என்றதும் ஏரி ஞாபகம் வந்தால் நீங்கள் சென்னையின் தண்ணீர்க் கவலையோடு வளர்ந்தவர். ரேஸ் ஞாபகம் வந்தால் உங்களுக்கு வயது அநேகமாக ஐம்பதைத் தாண்டியிருக்கும். செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஒரு விமான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் கார்களையும் பைக்குகளையும் ஓட விட்டது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத் தடம் வரும்வரை, தென்னிந்தியாவில் வேகம் என்றால் சோழவரம்தான்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கார் பிரியர்கள் கூடினால் ஒரு கேள்வி வராமல் இருக்காது. கையில் இவ்வளவு பணம் இருக்கிறது. பின்சக்கர இயக்கம் உள்ள, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபேக்களில் எது அதிகக் குதிரைத்திறன் தரும்? இத்தனைக்கும் கார் தொழிற்சாலைகள் சூழ்ந்த திருவள்ளூர் பக்கம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல இங்கே அப்படி ஒரு கார் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

முதலில், பின்சக்கரத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டியின் பாரம் பின்னால் சாயும். இழுவை தருகிற சக்கரம் பின்னால் இருந்தால் அந்தப் பாரம் அதன் பிடிமானத்தைக் கூட்டும். முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான், எனவே ஸ்டியரிங் தெளிவாகப் பேசும். ஆனால் இதற்கு என்ஜினிலிருந்து பின்னச்சு வரை நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டும், பின்னால் தனியாக டிஃபரன்ஷியல் வேண்டும், நடுவே தரையைத் துருத்திக்கொண்டு ஒரு மேடு வேண்டும். என்ஜினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸையும் அதோடு சேர்த்து முன்சக்கரங்களையே ஓட்டிவிட்டால் இதெல்லாம் மிச்சம். காரும் மலிவு, உள்ளே இடமும் தாராளம். 1959ல் பிரிட்டனில் வந்த மினி இதை உலகத்துக்கே காட்டியது.

அதே 1959ல் அதே பிரிட்டனில் இன்னொரு கார் வந்தது: டிரையம்ஃப் ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் கிடைக்காததால், அந்தக் கம்பெனி பழைய முறைக்குத் திரும்பியது. அடியில் தனி சேசிஸ், மேலே போல்ட் போட்டுப் பூட்டிய தகடுகள். பின்சக்கர இயக்கம். துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டலாம் என்பதால் பெரிய பிரஸ் வசதி இல்லாத நாடுகளுக்கு இது தோதான கார். 1961ல் சென்னையின் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் இரண்டு கதவுதான். நான்கு கதவு பிறகு வந்தது.

பிரிட்டனில் ஹெரால்டு சாதாரண வடிவத்தோடு நிற்கவில்லை. தொடக்கத்திலேயே இரட்டைக் கார்புரேட்டர் போட்ட ஒரு கூபே இருந்தது. சாதாரண ஹெரால்டின் 948 சி.சி. என்ஜின் சுமார் 35 குதிரைத்திறன் கொடுத்தது. கூபேயில் அதே என்ஜின் 45. 1962ல் அந்தச் சேசிஸைக் குறுக்கி ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள்: 1147 சி.சி., 63 குதிரைத்திறன். 1966ல் அதற்குக் கூரை போட்டு, ஆறு சிலிண்டர் என்ஜின் வைத்து ஜிடி6 கூபே, 95 குதிரைத்திறன். சாதாரண ஹெரால்டே 1967ல் 1296 சி.சி.க்கு வளர்ந்துவிட்டது.

சென்னையில்? அதே 948 சி.சி. 1961ல் 948, 1972ல் கெஸல் என்று பெயரை மாற்றி விட்டபோதும் 948. உலகத்தின் மலிவான ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்றின் அடித்தளம் நம் ஊரிலேயே உருவாகிக்கொண்டிருந்தது. அதன் மேல் கூபே மட்டும் ஏறவில்லை.

இதற்கு இன்ஜினியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. லைசென்ஸ் காலம் அது. எத்தனை கார் செய்யலாம், என்ன இறக்குமதி செய்யலாம் என்பதெல்லாம் டெல்லியின் அனுமதி. புதிய என்ஜினுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். அது போதாதென்று 1969ல் மத்திய அரசு கார்களின் விற்பனை விலையையே சட்டத்தால் நிர்ணயித்தது. நாட்டில் கார் செய்த ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு மூன்றும் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடின. விலையும் பூட்டு, என்ஜினும் பூட்டு. கூடுதலாகப் பத்துக் குதிரை சேர்த்தால் அதற்கு என்ன விலை வைப்பது? கேள்விக்கே இடமில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தக் காலத்தில் அம்பாசடர், பிரீமியர், ஹெரால்டு எல்லாமே பின்சக்கர இயக்கம்தான். எண்ணூரில் 1949ல் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய ஆஸ்டின் ஏ40 கூட அப்படித்தான். இன்று உலகம் தேடுகிற அந்த அம்சம் அன்று நம் ஒவ்வொரு டாக்ஸியிலும் இருந்தது. குதிரைத்திறன்தான் இல்லை.

சோழவரத்தில் இந்த முரண்பாடு நேருக்கு நேர் மோதியது. ஒரு பக்கம் உள்ளூர் மெக்கானிக்குகள் சீட்டுகளைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டைச் செதுக்கி, கார்புரேட்டரை மாற்றி உசுப்பிவிட்ட ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும். இன்னொரு பக்கம் வசதி படைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நிஜப் பந்தயக் கார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே ஓட்டியது என்சைன் என்ற ஃபார்முலா 1 கார். பார்க்க அருமையான காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் பந்தயம் என்ற அளவில் யோசித்தால், ஜெயிப்பது கையா பையா என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் கோயம்புத்தூர்க்காரர், எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. அவரும் ஒரு வெளிநாட்டுக் காரோடு திருப்திப்பட்டிருக்கலாம். அவர் செய்தது வேறு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 39 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம், விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. சில ஆண்டுகளில் அதன் உதிரி பாகம் கிடைக்காத ஊர் இல்லை என்றானது. கரிவரதன் அந்த என்ஜினை எடுத்து, குழாய்களால் கட்டிய ஒற்றை இருக்கைச் சேசிஸில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். முன்சக்கரத்தை இழுத்த என்ஜின் இப்போது பின்சக்கரத்தைத் தள்ளியது. 1980களின் இறுதியில் பிறந்த இந்த வண்டிக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர்.

கணக்கை கவனியுங்கள். அவரால் குதிரைத்திறனை வாங்க முடியாது, சந்தையில் அது இல்லை. ஆனால் எடையைக் கழற்ற முடியும், அதற்கு லைசென்ஸ் வேண்டாம். கதவு, கூரை, கண்ணாடி, பின்சீட் எல்லாம் போனால் அதே 39 குதிரை வேறு குதிரையாகிவிடும். ஒரு குதிரைக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வியை, ஒரு குதிரை எத்தனை கிலோவை இழுக்கிறது என்று மாற்றிப் போட்டார். எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்பதால் பையின் கனம் அடங்கி, கையின் திறமை தெரிந்தது.

விளைவு நமக்குத் தெரியும். நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1ல் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். 2010ல் அங்கே போன கருண் சந்தோக்கும் இந்த வண்டியில் பழகியவர்தான். கரிவரதன் இரண்டையும் பார்க்கவில்லை; 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சொல்கிறது.

1989ல் ஜப்பானின் மஸ்டா எம்எக்ஸ்-5 இதே தர்க்கத்தில்தான் உலகை ஜெயித்தது: 116 குதிரைத்திறன், சுமார் 950 கிலோ, அமெரிக்காவில் 14 ஆயிரம் டாலருக்குள். 2012ல் டொயோட்டா 86 கூபேயும் 200 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டு எடையைக் கட்டுக்குள் வைத்தது. பணக்கார நாடுகளிலும் மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கதை இதுதான்.

சரி, 1991க்குப் பிறகு லைசென்ஸ் போய்விட்டதே, அப்போதாவது கூபே வந்ததா? 1998ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் அருகே புதிய ஆலை கட்டி, மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தது. அதே 1998ல் லான்சரின் முரட்டு அண்ணனான எவல்யூஷனில் டோமி மாக்கினென் தொடர்ந்து மூன்றாவது முறையாக உலக ராலி சாம்பியன் ஆனார். திருவள்ளூர் லான்சர்? 1.5 லிட்டர் பெட்ரோலில் 87 குதிரைத்திறன், டீசலில் 68, முன்சக்கர இயக்கம். நல்ல கார், நம் ராலிக்காரர்கள் கொண்டாடிய கார். ஆனால் பின்சக்கர இயக்கம் குடும்பக் கார்களை விட்டு வெளியேறிய காலம் அது. இன்று கும்மிடிப்பூண்டிச் சாலையில் அதை லாரிகளிலும் பிக்அப்களிலும் பார்க்கலாம். 

லைசென்ஸ் போன இடத்தில் வரி வந்து உட்கார்ந்தது. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலில் 1200 சி.சி.க்குள் என்ஜினும் இருந்தால் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஏழைக்கும் கார் கிடைக்கட்டும் என்பது நோக்கம், நியாயம்தான். ஆனால் அந்த 1200 என்ற எண் அன்றுமுதல் இந்திய என்ஜின்களின் உச்சவரம்பு மாதிரி ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அதே கோடுதான்: உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40.

இறக்குமதிக்கு வேறு கணக்கு. 2016 ஜூலையில் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது. ஐந்து லிட்டர் வி8, 396 குதிரைத்திறன், டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். 1964ல் 2,368 டாலருக்கு, சாமானியனின் ஸ்போர்ட்ஸ் கார் என்று பிறந்த பெயர் அது! 2016லும் அமெரிக்காவில் அடிப்படை ஜிடி 33 ஆயிரம் டாலருக்குள், அன்றைய மதிப்பில் 22 லட்சம், 435 குதிரைத்திறன். வகுத்துப் பாருங்கள். அங்கே ஒரு குதிரை சுமார் 5,000 ரூபாய், இங்கே 16,400. இங்கே வந்த வண்டியில் வசதிகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் விலையைத் தூக்கிவிட்டது நூறு சதவீதச் சுங்க வரியும் அதன் மேல் ஏறிய மற்ற வரிகளும்தான். மறைமலை நகரில் ஃபோர்டுக்கு ஆலை இருந்தும், மஸ்டாங் கப்பலில்தான் வந்தது.

இதற்கு நடுவே திருவள்ளூர் ஆலை கை மாறியது. 2017ல் பிரெஞ்சு பிஎஸ்ஏ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்தது. அங்கே சிட்ரோயன் கார்கள் உருவாகத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் கடைசியில் திருவள்ளூரில் ஒரு "கூபே" பிறந்தது: பசால்ட். நான்கு கதவு, உயரமான உடம்பு, பின்பக்கம் மட்டும் சரிந்த கூரை, முன்சக்கர இயக்கம். கூபே எஸ்யூவி என்று விளம்பரம். என்ஜின் 1199 சி.சி., அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு சி.சி. உள்ளே. வண்டி நான்கு மீட்டரைத் தாண்டுவதால் இதற்குச் சலுகை கிடையாது. சிறிய கார்களுக்காகச் செய்த என்ஜின் இதற்கும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அறிமுக விலை 7.99 லட்சத்துக்கு 82 குதிரைத்திறன், ஒரு குதிரை சுமார் 9,750 ரூபாய். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. நடு வகையில் சாதாரண என்ஜின் 9.99 லட்சம், டர்போ போட்டால் 11.49 லட்சத்துக்கு 110. கூடுதலான 28 குதிரைகள், தலைக்கு 5,350 ரூபாய்தான். இரும்பும் டர்போவும் அவ்வளவு விலை உயர்ந்தவை இல்லை என்று தெரிகிறதா?

ஆக, இந்தப் பகுதியின் எழுபது வருடக் கதையில் குதிரையின் விலையை ஆலை தனியாக எழுதியதே இல்லை. முதலில் விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு எழுதியது, பிறகு கலால் அட்டவணை, பிறகு சுங்க அட்டவணை, இப்போது ஜிஎஸ்டி. அதை மாற்றுவது நம் கையில் இல்லை. கரிவரதன் காட்டிய வழியில் எடையைக் குறைப்பதற்கு மட்டும் இன்றுவரை யாரும் வரி போடவில்லை. மலிவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எப்போதாவது இந்தப் பக்கத்திலிருந்து வருமானால், குதிரைகளை அடுக்கிக் காட்டும் ஷோரூமைவிட, கதவையும் கூரையையும் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கும் ஏதாவது ஒரு பட்டறையிலிருந்துதான் அது வரும்.