ராத்திரி பேக்கப் ஓடினால் பில் எகிறுமா? வங்கி மெயின்ஃபிரேமில் மீட்டர் ஓடுவது இப்படித்தான்!

ஏடிஎம்மில் பணம் எடுக்கிறோம், கார்டு தேய்க்கிறோம்... உலகின் பெரிய வங்கிகள் பலவற்றில் இந்தக் கணக்கெல்லாம் இன்னமும் ஓடுவது மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரில்தான். மெஷினை வாங்கிப் போட்டதோடு செலவு முடியாது. அதில் ஓடும் ஐபிஎம் சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. பிராசசர் எவ்வளவு உழைத்ததோ, அதைப் பொறுத்து பில்!

மீட்டர் எங்கே இருக்கு?

இசட்/ஓஎஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே எஸ்எம்எஃப் என்ற பதிவேடு இருக்கிறது. ஒரு வேலை முடிந்ததும், அது யார் கணக்கில் ஓடியது, எத்தனை விநாடி பிராசசரைப் பிடித்தது என்பதெல்லாம் 30-ம் வகைப் பதிவாக விழும். பேக்கப் வேலையும் இதற்குத் தப்பாது. எந்தப் பிரிவு எவ்வளவு செலவு வைத்தது என்று வங்கிக்குள் பங்கு பிரிக்கவும் இதுதான் ஆதாரம்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பேக்கப் 2 மணி நேரம் ஓடினால் பிராசசரும் 2 மணி நேரம் உழைத்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நேரம் டிஸ்க்கில் இருந்து டேட்டா நகர்ந்துகொண்டுதான் இருக்கும். டேட்டாவைச் சுருக்கும் வேலையை சாஃப்ட்வேரிலேயே செய்தால்தான் பிராசசர் நேரம் கரையும்.

பில் போடுவது எப்படி?

அளவுக்குப் பெயர் எம்எஸ்யூ. கடந்த 4 மணி நேர சராசரியைத் தொடர்ந்து கணக்கிடுவார்கள். மாதத்தில் அது உச்சம் தொட்ட நேரம்தான் பில்லுக்கு அடிப்படை. மற்ற நாளெல்லாம் சும்மா கிடந்தாலும் தள்ளுபடி கிடையாது. நம்மூர் ஆலைகள் ஈபிக்கு கட்டும் மேக்ஸிமம் டிமாண்ட் கட்டணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு, பகல் உச்சம் 400 எம்எஸ்யூ. அந்த 4 மணி நேரமும் 80 எம்எஸ்யூ பிடிக்கும் பேக்கப்பை ஓட்டினால் மாதம் முழுக்க 480-க்கு பில். அதையே சராசரி 250 இருக்கும் நள்ளிரவுக்குத் தள்ளினால் 330 தான் ஆகும். உச்சம் 400-லேயே நிற்கும். பேக்கப் இலவசமாக ஓடின மாதிரி!

மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்?

செலவைக் குறைக்க, தினமும் எடுக்கும் டேட்டாபேஸ் காப்பியை வாரத்துக்கு ஒன்றாக்கலாம். ஆனால் டிபி2 மாதிரியான டேட்டாபேஸ் பழுதானால், கடைசி காப்பியை ஏற்றி, அதன் பிறகு நடந்த மாற்றங்களை லாக்கில் இருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு நாள் லாக் எங்கே, ஆறு நாள் லாக் எங்கே? மீட்பு முடியும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான். அந்த வேலை பகலில் வந்தால் மாத உச்சமும் எகிறும்.

காப்பியைக் குறைக்காமலே பில்லைக் குறைக்க வழி இருக்கிறது. ஃபிளாஷ்காப்பி வசதியில் நகலெடுக்கும் வேலையை ஸ்டோரேஜ் கருவியே பார்த்துக்கொள்ளும். ஐபிஎம்மின் ‘ஜிப்’ என்ற தனி பிராசசரில் ஓடும் வேலை எம்எஸ்யூ கணக்கில் சேராது. ஆனால் எல்லா வேலையையும் அங்கே தள்ள முடியாது.

உச்ச நேரக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்காக 2019-ல் ‘டெய்லர்ட் ஃபிட் பிரைசிங்’ முறையை ஐபிஎம் கொண்டுவந்தது. இதில் மொத்தப் பயன்பாட்டுக்கு பில் போடும் திட்டமும் உண்டு. அதை எடுத்தவர்களுக்கு நள்ளிரவு பேக்கப்பும் கணக்கில் வரும்.