இயந்திரமில்லாமல் பறந்தவர்களும் அங்கத்துவ அட்டையும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பெரிய போட்டிகளுக்குப் போகும் வீரர்களிடம் சில விளையாட்டுகளில் இரண்டு காகிதங்கள் கேட்பார்கள். ஒன்று, இவருக்கு விளையாட்டுத் தெரியும், விதிகளுக்குக் கட்டுப்படுவார் என்று சொல்லும் அனுமதிப்பத்திரம். மற்றது, இவர் நம்முடைய ஆள் என்று சொல்லும் அங்கத்துவ அட்டை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அவை எவ்வளவு வேறுபட்டவை என்பதை கிளைடர் விளையாட்டின் வரலாற்றில் பார்க்கலாம்.

கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத விமானம். நம் வயல்வெளிகளுக்கு மேலே பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சூடாகி மேலெழும் காற்றைப் பிடித்து ஏறும் அதே வித்தைதான் இதுவும்.

முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனிக்கு விமானப்படை வைத்திருக்க வேர்செய்ல்ஸ் உடன்படிக்கை தடை போட்டது. இயந்திர விமானங்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பறக்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை. 1920இல் ரோன் மலைப்பகுதியில் உள்ள வாசர்குப்பே என்ற குன்றில் ஒஸ்கார் உர்சினுஸ் என்பவர் முதலாவது கிளைடர் போட்டியை நடத்தினார். வந்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். தாங்களே மரமும் துணியும் கொண்டு செய்த கிளைடர்களோடு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் கிளைடரைப் பறக்கவிட, ஒரு குழு இறப்பர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓட வேண்டும். கயிறு இழுபட்டதும் கவண் கல் போல கிளைடர் கிளம்பும். கீழே இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து அதை மறுபடி மேட்டுக்கு இழுத்து வர வேண்டும். அதாவது ஒருவர் பறக்க பலர் வியர்வை சிந்த வேண்டும். கழகம் இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை. காசாகக் கொடுத்த சந்தாவைவிட உடலால் கொடுத்த சந்தாதான் பெரியது. இன்றைக்கும் ஜேர்மனியின் பல கழகங்களில் அங்கத்தவர் வருடத்துக்கு இத்தனை மணித்தியாலம் பட்டறையில் வேலை செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. செய்யாவிட்டால் அந்த மணித்தியாலங்களுக்குக் காசு கட்ட வேண்டும். கையில் காசு குறைந்த இளைஞனும் உள்ளே வர இந்த ஏற்பாடு வழி விட்டது.

அடுத்து, திறமையை அளக்கும் பத்திரங்கள். ஆரம்பத்தில் ஏ, பி, சி என்று மூன்று படிகள் இருந்தன. 1930களின் தொடக்கத்தில் அதற்கு மேலே வெள்ளிச் சின்னம் வந்தது. அதைப் பெற 50 கிலோமீற்றர் தூரம் பறக்க வேண்டும், 1,000 மீற்றர் உயரம் ஏற வேண்டும், 5 மணித்தியாலம் காற்றில் நிற்க வேண்டும். இன்றுவரை அந்த அளவுகள் மாறவில்லை.

அந்தச் சின்னத்தை முதலில் பெற்ற இருவரைப் பாருங்கள். ஒருவர் வொல்ஃப் ஹிர்த். மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு பறந்தவர். மற்றவர் ரொபர்ட் குரோன்ஃபெல்ட். ஒஸ்திரியாவைச் சேர்ந்த யூதர். 1929இல் கிளைடரில் 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதல் மனிதர். 1931 ஜூனில் ஆங்கிலக் கால்வாயைப் போகவும் வரவும் கடந்து, டெய்லி மெயில் பத்திரிகை அறிவித்திருந்த 1,000 பவுண் பரிசை வென்றவர். உனக்கு எத்தனை கால், நீ யாருடைய பிள்ளை என்று வெள்ளிச் சின்னம் கேட்கவில்லை. தூரம், உயரம், நேரம் மட்டும்தான் கேட்டது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சில வாரங்களுக்குள் ஜேர்மனியின் விமான விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் ஒரே அரச சார்பு அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. விளையாட்டு என்ற பெயரில் எதிர்கால விமானப்படைக்கு ஆள் தயாரிப்பதே அதன் உள்நோக்கம். யூதர்களுக்கு அங்கே பறக்கத் தடை. குரோன்ஃபெல்ட்டின் சாதனைகள் ஏட்டில் அப்படியே இருந்தன. அவரைப் புகழ்பெற வைத்த நாட்டில் அவருக்குப் பறக்க இடம்தான் இல்லாமல் போனது.

அவர் ஒஸ்திரியாவுக்குத் திரும்பி, பிறகு பிரித்தானியாவுக்குப் போனார். 1939இல் பிரித்தானியப் பிரஜையானார். போர்க்காலத்தில் அந்த நாட்டின் விமானப்படையில் சேவை செய்தார். 1948இல் வாலில்லாத ஒரு புதிய கிளைடரைப் பரீட்சித்துப் பறந்தபோது விபத்தில் இறந்தார். ஒரு நாடு கதவைச் சாத்தியது, இன்னொரு நாடு அந்தத் திறமையைப் பெற்றுக்கொண்டது. பிறப்பை வைத்து ஒருவரை வெளியே நிறுத்துவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்றைய முறையையும் சொல்கிறேன். 1905இல் ஆரம்பிக்கப்பட்ட சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனம்தான் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே நாட்டுக்கு ஒரு தேசிய அமைப்பு, அதற்குக் கீழே கழகங்கள். உலகப் போட்டிக்குத் தேவையான அனுமதிப்பத்திரத்தை வழமையாகத் தேசிய அமைப்புதான் கொடுக்கும். அங்கத்தவர் கழகத்துக்கும், கழகம் தேசிய அமைப்புக்கும், தேசிய அமைப்பு சம்மேளனத்துக்கும் என்று பணம் படிப்படியாக மேலே போகும். பதிவேடு, நடுவர், பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. கட்டணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் சாவி ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை நேர்மையாக இருக்க வேண்டும்.

பணம் ஒரு தடை என்பது அந்தச் சம்மேளனத்துக்கே தெரிந்திருந்தது. 1989இல் மலிவான, எல்லோருக்கும் ஒரே மாதிரியான கிளைடர் ஒன்றை வடிவமைக்கப் போட்டி வைத்தது. வோர்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிடபிள்யூ-5 வென்றது. 1997இல் துருக்கியின் இனொனுவில் அந்தப் பிரிவுக்கு உலகப் போட்டியும் நடந்தது. ஆனால் வசதி உள்ளவர்கள் இன்னும் வேகமான கிளைடர்களையே விரும்பினார்கள். பின்னர் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. முயற்சி தோற்றாலும், காசுத் தடையைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியாவது பார்த்தார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நம் ஊரிலும் விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. சந்தா 100 ரூபாயா 500 ரூபாயா என்று கூட்டத்தில் மணிக்கணக்காக வாதாடுகிறோம். அது தேவையான வாதம்தான். ஆனால் ‘இவன் எந்தக் குடும்பம், எந்தக் கட்சி’ என்று பார்த்து ஒரு பிள்ளையை அணிக்கு வெளியே விடும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அது எந்தக் கூட்ட அறிக்கையிலும் பதியப்படுவதும் இல்லை.

சந்தா கட்ட முடியாத பிள்ளைக்கு யாராவது ஒருவர் கட்டிவிடலாம். பெயரைக் கேட்டதுமே ஒதுக்கப்படும் பிள்ளைக்கு அப்படி யாரும் உதவ முடியாது. அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாகப் போட்டுப் பேசுவோம்.